பேருந்து வசதி: உண்டு

எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. மெயின் ரோட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர் நடக்க வேண்டும். மூன்று வருடம் நடந்துதான் நான் டிகிரி வாங்கினேன். பாதி நாள் ஒருவன் சைக்கிளில் பின்னாலேயே வருவான். அதை வீட்டில் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் படிப்பு அன்றோடு முடிந்திருக்கும். ஆகவே தங்கச்சியும் நடக்கட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவளுக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது. வகுப்பு ஏழரைக்கு. நடந்தால் நாலு மணி இருட்டில் கிளம்ப வேண்டும். "பஸ் விடுறோம்னு ஒரு தாள் வரட்டும், அன்னைக்கே சேத்துடறேன்" என்றார் அப்பா. சேர்வதற்குப் பதினெட்டாம் தேதி கடைசி நாள். ஊரே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். பதில் ஒரே வரிதான்: தங்கள் கிராமத்தில் ஏற்கெனவே பேருந்து வசதி இருப்பதால் கோரிக்கை பரிசீலிக்கப்படவில்லை.

நான் புள்ளிவிவர அலுவலகத்தில் தினக்கூலிக்குக் கணினியில் எண்களை ஏற்றுகிறவள். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் எங்கள் ஊர்ப் படிவத்தைத் தேடி எடுத்தேன். வீடுகள் 158. மக்கள் தொகை 641, வெளியூரில் செங்கல் சுமப்பவர்களையும் சேர்த்து. பேருந்து வசதி: உண்டு, நாளைக்கு நான்கு முறை. தகவல் தந்தவர் என்ற இடத்தில் அப்பாவின் கோணல் கையெழுத்து.

"கையெழுத்துப் போடத் தெரிஞ்சா எதுல வேணா போடுவீங்களா?" என்று மாலையில் கேட்டேன்.

அப்பா முகம் கழுவப் போய்விட்டார். அம்மாதான் சொன்னாள். "நாலு வருஷம் இருக்கும்டி. உங்க அக்காவைப் பொண்ணு கேட்டு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேன்ல வந்து கூடத்துல உக்காந்திருந்தாங்க. நாலு பஸ் வருதுன்னு இவரு அப்பத்தான் பெருமையடிச்சு முடிச்சாரு. கணக்கெடுக்கறவன் வந்து அவங்க முன்னாடியே பஸ் உண்டான்னு கேட்டுத் தொலைச்சான்."

"தப்பாச் சொல்லிட்டேன்னு எழுதிக் கொடுங்கப்பா, திருத்துவாங்க."

"சம்பந்தி காதுக்குப் போனா?"

"அக்கா ரெண்டு பிள்ளை பெத்துட்டா. இனிமே பஸ் இல்லைன்னா திருப்பி அனுப்பப் போறாங்க?"

இரண்டு நாள் நச்சரித்து எங்கள் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். அலுவலர் அறையில் வேறு நாலு பேர் காத்திருந்தார்கள். நான் எழுதியிருந்த கடிதத்தை அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன பெரியவரே, அரசாங்கத்துக்கே டூப்பு விட்டீங்களா? பொய்த் தகவல் கொடுத்தா கேஸ் ஆகும், தெரியுமில்ல?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நாலு பேரும் கூடச் சிரித்தார்கள். அப்பாவின் விரல்கள் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டன.

"பஸ் வருதுங்க சார். பாப்பாதான் வெவரம் புரியாம எழுதிடுச்சு."

"அப்பா!"

"நீ சும்மா இரும்மா. நாலு தடவை வருதுங்க சார்."

அலுவலர் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "வீட்டுல பேசித் தீத்துக்கிட்டு வாம்மா. அடுத்த கணக்கெடுப்புல பாத்துக்கலாம்." அடுத்தது ஆறு வருடம் கழித்து.

திரும்பும்போது அப்பா எனக்குப் பத்தடி முன்னால் நடந்தார். ஒரு ஆபீசர் சிரித்தால் ஒடுங்கிப் போகிற மனிதர், வீட்டில் மூன்று பெண்களை ஒரு பார்வையில் அடக்கி வைத்திருந்தார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

தங்கச்சி வாசலிலேயே நின்றாள். சர்டிபிகேட்டுகளைப் பிளாஸ்டிக் கவரில் அடுக்கி வைத்திருந்தாள்.

"என்னப்பா ஆச்சு?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். நான் சொன்னேன், ஒன்றையும் விடாமல். அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"பஸ்தான் நாலு தடவை வருதாமேப்பா. அப்புறமென்ன? நான் அதுலயே போயிக்கிறேன். முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

அப்பா உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பதினெட்டாம் தேதி காலையில் அவள் கவரை எடுத்துக்கொண்டு ஊர் முனையில் போய் நின்றாள். கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. இரண்டு டிராக்டர்கள் அவள்மேல் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. ஐந்து மணிக்கு அட்மிஷனை மூடுவார்கள்.

அவள் ஆறு வரை நின்றாள்.