நான்கு கை கேட்கும் பிரஸ்

தகட்டை வளைத்து அலமாரிக் கதவு செய்யும் பிரஸ் அது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், ஆளுக்கு இரண்டு பொத்தான்கள். நான்கையும் நான்கு கைகள் சேர்ந்து அமுக்கினால்தான் மேல்பலகை இறங்கும். எவன் கையும் உள்ளே இருந்துவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு.

அடுத்த இயந்திரத்தில் முப்பத்தொரு வருடமாக நிற்பவன் நான். பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. என் முகத்துக்காகத்தான் என் மகளின் கணவனுக்கு அங்கே வேலை கொடுத்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அவனுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் குட்டையன் என்னிடம் வந்தான்.

"பெரியவரே, உங்க மாப்பிள்ளைக்கு எத்தனை கை?"

"என்னடா உளர்ற?"

"ரெண்டு கைய தலைக்கு வச்சுத் தூங்குறாரு. இன்னும் ரெண்டு கை பொத்தானை அமுக்கிட்டு இருக்கு. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். அவன் பக்கத்துப் பொத்தான்கள் இரண்டும் அமுங்கியே இருக்கும்படி, சுற்றியுள்ள வளையத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மரத்துண்டு செருகியிருந்தது. மாப்பிள்ளை தகட்டு அடுக்கின் மேல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"சூப்பர்வைசர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

அந்த சூப்பர்வைசர் என்னிடம் வேலை பழகியவன். அவன் முன்னால் நின்று, என் மருமகன் வேலைக்கள்ளன் என்று நானே சொல்வதா?

"எங்க வீட்டு விஷயம். நான் பாத்துக்கறேன். நீ வாயத் திறக்காத."

"ஒத்தை ஆளா தகடு தூக்கி என் முதுகு ஒடியுது. சரி, உங்களுக்காகப் பொறுத்துக்கறேன்."

மாப்பிள்ளையை எழுப்பி, "கொஞ்சம் வாங்க" என்று மரியாதையாகவே பழைய சாமான் அறைக்கு அழைத்துப் போனேன். கதவைச் சாத்தினேன். சட்டையைப் பிடித்து இரும்பு அலமாரியில் மோதினேன். இரண்டு அறையில் உதடு கிழிந்து பல்லெல்லாம் ரத்தம்.

"அடிக்காதீங்க மாமா!"

"கட்டைய வச்சா அமுக்குறீங்க?" அடிக்கும்போதும் 'வாங்க, போங்க'வை நான் விடவில்லை. பெண் கொடுத்த இடம்.

"இனிமே வைக்கமாட்டேன். உங்க பொண்ணு மேல சத்தியம்."

அவளை இழுத்ததற்கு இன்னொன்று கொடுத்தேன். அதோடு முடிந்தது, யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்று தீர்மானித்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் சூப்பர்வைசர் பின்வாசல் வழியாக வந்தான். மறுபடியும் கட்டையைச் செருகிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். வேலை செய்வதாகக் காட்ட, உள்ளே இருந்த தகட்டை நேராக்குவது போலக் கையை நீட்டினார். அந்தக் கட்டைகளை மறந்துவிட்டார். நிறுத்திவைத்த தகடு மறைத்ததால் அந்தப் பக்கம் குட்டையனுக்கு எதுவும் தெரியவில்லை. தன் இரண்டு பொத்தான்களையும் அமுக்கினான்.

பலகை இறங்கியது. தகடு மடியும் சத்தம் எனக்கு மனப்பாடம். இது வேறு சத்தம். அதற்கு மேல் அந்த அலறல். பலகை எழும்பியபோது நான்கு விரல்கள் கதவோடு நசுங்கி ஒட்டியிருந்தன. ரத்தம் மடிப்பு வழியாக ஓடித் தரையில் கொட்டியது.

நான்தான் முதலில் ஓடினேன். ஓடிப்போய் என்ன செய்தேன்? கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் மணிக்கட்டில் துண்டை இறுக்கிக் கட்டினேன்.

இயந்திரத்தைச் சோதித்தார்கள். நான்கு கைக்கு ஒழுங்காக இறங்கியது, இரண்டு கைக்கு இறங்கவில்லை.

"அப்ப எப்படிடா இறங்குச்சு? என்னத்தடா பண்ணி வச்ச?" சூப்பர்வைசர் குட்டையன் கன்னத்தில் அறைந்தான்.

"பொத்தான்ல கட்டை இருந்துச்சு சார்!"

"எங்கடா கட்டை?"

கூட்டத்தில் எவனோ ஸ்பேனரை வீச, குட்டையனின் புருவம் பிளந்தது. ஒரு கண்ணை ரத்தம் மூட, மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தான். நான் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகள் வாசலிலேயே மறித்தாள்.

"அப்பா, கையும் போய் வேலையும் போகணுமா? ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிடுங்கப்பா."

கட்டிலில் கிடந்த மாப்பிள்ளை, "கவலைப்படாதீங்க மாமா. குட்டையன் வேணும்னே கைய நசுக்கினான்னு போலீஸ்ல எழுதிக் கொடுக்கப்போறேன். மூணு மணிக்கு வர்றாங்க" என்றார்.

நான் கிழித்த உதடு இன்னும் ஆறவில்லை. அதற்குள் அதே வாயில் இது. எங்கள் குடும்பத்தில் சோம்பேறி பிறந்ததுண்டு. செய்யாத குற்றத்துக்கு இன்னொருவனை ஜெயிலுக்கு அனுப்பியவன் கிடையாது.

கட்டுப்போட்ட அந்தக் கையை என் இரண்டு கைகளாலும் பிடித்து அமுக்கினேன்.

"சொல்லுங்க மாப்பிள்ளை, கட்டைய வச்சது யாரு?"

அவர் அலறினார். மகள் என் தோளைக் கடித்தாள். நான் விடவில்லை. வெள்ளைத் துணி சிவந்தது.

"நான்தான்! நான்தான் மாமா!"

அங்கிருந்து நேராகச் சூப்பர்வைசர் அறைக்குப் போனேன். காய்ந்த ரத்தத்தோடு இருந்த இரண்டு கட்டைகளையும் மேசையில் வைத்தேன்.

"வச்சது என் மாப்பிள்ளை. எடுத்து மறைச்சது நான்."

"முன்னாடியே தெரியுமாய்யா உங்களுக்கு?"

"பத்து நாளா."

என்னிடம் வேலை பழகியவன் என்னை உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை.

வெளியே பெஞ்சில் புருவத்தில் தையலோடு குட்டையனை உட்கார வைத்திருந்தார்கள். என்னைக் கண்டால் எழுந்து நிற்பவன் அவன்.

"போலீஸ் வந்தா வாயத் திற. என்னையும் சேர்த்துச் சொல்லு" என்றேன்.

"பின்ன, விடுவேனா?" என்றான். எழுந்திருக்கவில்லை.