உக்கும்தார் வூடு

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், மாதவராஜின் வீட்டு வாசலில் ‘உக்கும்தார் மாது இல்லம்’ என்று கிரானைட்டில் பொன்னெழுத்து மின்னும். மாது, அவருடைய தாத்தாவின் அப்பா. முதல் உலகப்போரில் வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு பஸ்ரா வரைக்கும் போய் உயிரோடு திரும்பியவர். போட்டோ கிடையாது. அதனால் ஃப்ளெக்ஸ் பேனருக்கு, செல்போனில் அகப்பட்ட யாரோ ஒரு சுபேதாரின் படத்தைப் போட்டிருந்தார் மாதவராஜ். மீசை பெரிதாக இருந்தது, அது போதாதா?

திரும்பி வந்த மாது, வாசல் பக்கம் யார் தலை தெரிந்தாலும் விறைத்து நின்று “உக்கும்தார்!” என்று கத்துவாராம். தாசில்தார், ஜமீன்தார் வரிசையில் இதுவும் ராஜா கொடுத்த பட்டம்தான் என்று ஊர் முடிவு கட்டியது. அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்க, தம்பி மாதுவின் தலையில் மாரியம்மன் பண்டிகையின் முதல் பரிவட்டம் ஏறியது. அந்த வீட்டை விட்டு அது நூறு வருஷமாக நகரவில்லை.

இந்த வருஷம் அண்ணன் வழிப் பங்காளி பச்சியப்பன் வாயைத் திறந்தார். “எந்தப் பட்டாளத்துல அப்படியொரு பட்டம் இருக்குதுங்க? வெவரம் தெரிஞ்ச ஆளைக் கூட்டியாந்து சொல்ல வைங்க. இல்லாட்டி பரிவட்டம் மூத்த வூட்டுக்கு.”

மாதவராஜுக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. பாலக்கோட்டில் தக்காளி விலை விழுந்தபோதுகூட மனுஷர் இப்படிக் கலங்கியதில்லை. பச்சியப்பனுக்குப் பின்னால் நின்று திருநீறு வாங்குவதற்கு நாண்டுகிட்டுச் சாகலாம்.

அவரே தேடிப் பிடித்த சாட்சி, மொரப்பூர் சவுரியப்பன். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், பொய் சொல்லத் தெரியாதவர் என்று பெயர். “உக்கும்தார்ங்கறது பட்டாளத்து வார்த்தைதானுங்களே?” என்று போனில் கேட்டார் மாதவராஜ். “ஆமாங்க, வெள்ளைக்காரன் காலத்து வார்த்தை” என்றார் அவர். அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. கார் அனுப்பி, நாட்டுக்கோழி அடித்துப் போட்டு, மெடல்களோடு ஊர்க்கூட்டத்தில் உட்கார வைத்தார்.

சவுரியப்பன் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“பாரா நிக்கற சிப்பாய், யாராச்சும் கிட்ட வந்தா, ‘ஹூ கம்ஸ் தேர்’னு இங்கிலீஷ்ல கேக்கணுங்க. நம்மாளுங்க வாயில அது உக்கும்தார்னு ஆயிப்போச்சு. ‘யாருடா அங்க வர்றது’ன்னு அர்த்தம். ‘ஃப்ரெண்ட்’னு பதில் வந்தா உள்ள விடணும். வராட்டி சுடணும்.”

கூட்டத்தில் இருந்த கண்ணம்மாள் கிழவிதான் முதலில் சிரித்தாள். “அப்ப நூறு வருசமா ‘யாருடா அங்க’ வூடுன்னா கூப்புட்டுக்கிட்டு இருந்தோம்?”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. கோழிக் குழம்போடு வைத்துக்கொண்டவர் மாதவராஜ் ஒருத்தர்தான்.

பரிவட்டம் மூத்த வீட்டுக்குப் போனது. ஆனாலும் ஊருக்கு இரக்கம் உண்டே. பாரா நின்ற வம்சத்தின் பாரம்பரியம் அழியக் கூடாது, ஆகவே பண்டிகையில் கோயில் வாசலில் கம்போடு நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் உரிமை இனி உக்கும்தார் வீட்டுக்கே என்று தீர்மானம் போட்டார்கள். பாரம்பரியம், பாரம்பரியம் என்று இத்தனை நாள் மேடை போட்டுப் பேசிய வாய், எப்படி மாட்டேன் என்னும்?

பண்டிகையன்று கம்போடு நின்றபோது மாதவராஜுக்கு மாதுவின் நினைப்பு வந்தது. அந்த மனுஷன் பெருமை பேசவில்லை. ஊர் திரும்பியும் பயம் தெளியாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கும்பிட்டுவிட்டுப் போனார்களே தவிர, ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. மாதவராஜுக்குக் கண் கலங்கியது.

மேளம் நெருங்கியது. மாலையும் கழுத்துமாக முன்னால் வந்தார் பச்சியப்பன். “கேளுங்க, கேளுங்க!” என்று கூட்டம் கத்தியது. மாதவராஜ் கம்பைக் குறுக்கே நீட்டினார்.

“உக்கும்தார்?”

பச்சியப்பன் மீசையை நீவிக்கொண்டார்.

“பங்காளி.”

பண்டிகை பார்க்க வந்திருந்த சவுரியப்பனை மாதவராஜ் திரும்பிப் பார்த்தார். அதற்கு விடுவதா சுடுவதா என்று பட்டாளத்துச் சட்டத்தில் இல்லை என அவர் கையை விரித்தார்.