லெட்சுமி கொடுத்த பொம்மைகள்

செத்துப்போன அக்கா ரெங்கம்மாவைக் குளிப்பாட்டும்போது வலது கை மட்டும் விரியவில்லை. பெரியாயி தண்ணீரை ஊற்றி ஊற்றி ஒவ்வொரு விரலாக நிமிர்த்தினாள். உள்ளே ஒரு மண் பொம்மை. சுண்டுவிரல் அளவு உடம்பு, தேயிலைப் பெட்டி ஈயத்தாளில் இரண்டு கண்கள். பெரியாயியின் மகள் லெட்சுமி செய்தது.

சுற்றி நின்ற பெண்களும் பார்த்துவிட்டார்கள். அதுதான் வினை.

"வீரசிங்கம் செத்தப்பவும் தலமாட்டுல இதான் கெடந்திச்சு," என்றாள் லயத்து வரிசையில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் காத்தாயி. "கடைசி காம்பராக் கெழவன் கையிலயும் இருந்திச்சு. இப்ப ரெங்கம்மா. ஒம் மக குடுத்தா மூணாம் நாளு பொணம் போகுது. நான் சொன்னா பொல்லாப்பு."

"வாயக் கழுவுங்கக்கா. ஏழு வயசுப் புள்ள."

"புள்ளதான். அதுக்குள்ள இருந்து செய்யிறது யாரு?"

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அரிசியே கண்ணில் படாத எழுபத்து நான்காம் வருஷம். கால் வீங்கி, வயிறு ஊதி ஆள் சாகாத லயம் எது? ஆனால் லயத்து வாய்க்குப் பஞ்சம் வருமா! மேல் டிவிசனில் இப்படியொரு பேச்சு கிளம்பித்தான், ஒரு பெண்ணைக் கல்லால் அடித்துத் தோட்டத்தை விட்டே துரத்தினார்கள்.

லயத்துக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் கான் ஓரம் லெட்சுமி மண் பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் சொளகு நிறையப் பொம்மைகள். முழங்கை வரை சேறு, முகமெல்லாம் சிரிப்பு.

"பெரியம்மாவுக்கு ஏண்டி குடுத்த?"

"அவங்க மட்டும்தானே வீட்டுல இருந்தாங்க. நீங்கல்லாம் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிட்டா நான் யாருக்குக் குடுக்கிறது?"

பெரியாயி அப்படியே நின்றாள். காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்படித்தால் லயமே காலி. பகலில் கதவு திறந்து கிடப்பது நோயாளி படுத்திருக்கும் காம்பரா மட்டும்தான். அட, இவ்வளவுதானா! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"செய்யிறப்பவே யாருக்குன்னு தெரிஞ்சிரும்மா," என்றாள் மகள். "மூஞ்சி தானா வந்திரும்."

பெரியாயி சொளகை நோக்கிக் கை நீட்டினாள்.

"இன்னிக்கு எல்லாரும் வீட்டுல இருக்காங்கம்மா! எல்லாருக்கும் செஞ்சிட்டேன்!"

எட்டிப் பிடிப்பதற்குள் சொளகைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடிவிட்டாள்.

பெரகல மலைப் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கி, பாடையைச் சுற்றி நின்றவர்களை இடுப்பு வரை மூடியிருந்தது. லெட்சுமி ஒவ்வொருவரிடமாகப் பொம்மையை நீட்டினாள். நீட்ட நீட்டக் கூட்டம் பின்வாங்கியது. கங்காணி கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். சாவுக்கு அடித்துக்கொண்டிருந்த தப்பு நின்றது.

"நல்லா இல்லையா?" என்றாள் லெட்சுமி. உதடு பிதுங்கியது.

காத்தாயி குனிந்து ஒரு கல்லை எடுத்தாள்.

பெரியாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மகளுக்கு முன்னால் குந்தினாள். கையை நீட்டினாள்.

"எனக்குக் குடுடி தங்கம்."

லெட்சுமியின் முகம் மலர்ந்தது. மேலே இருந்ததைக் கொடுக்காமல், சொளகைக் கிளறிக் கிளறி அடியிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்தாள்.

"இதுதாம்மா ஒனக்கு. மொதல்ல செஞ்சதே ஒனக்குத்தான்."

பெரியாயி அதன் முகத்தைப் பார்க்காமலே விரல்களை மூடிக்கொண்டாள்.

"அழகா இருக்குடி," என்றாள்.

மறுபடியும் தப்பு அடித்தது. ஆண்கள் பாடையைத் தூக்கினார்கள். யாரும் ரெங்கம்மாவைப் பார்க்கவில்லை. தூக்கியவர்கள்கூடப் பெரியாயியையே திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.