அடுத்த வருஷம் நாங்க...

1

இந்தக் கதை ஒரு வாய் தவறலில் பிறந்தது. வெளிநாட்டில் ஓர் அறை, பண்டிகைச் சாப்பாடு. ‘நாம’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒருவன் ‘நாங்க’ என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான் விஷயம். வேறு மொழிக்காரரிடம் இதை விளக்கப் போனால் விடிந்துவிடும். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ‘பனி பெய்துகொண்டிருந்த அந்த...’ [அடித்துவிட்டேன். பனியைப் போட்டால் நீங்கள் பனியையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுவீர்கள்.]

இரண்டாவது: ‘பிறந்த மண்ணைப் பிரிந்தவர்களின் ஏக்கமானது...’ [இதைப் படித்தால் கதாநாயகனே கொட்டாவி விடுவான்.]

நேராக அறைக்குப் போவோம்.

2

மூன்று கட்டில் போட்ட அறை. லிஃப்ட் மெக்கானிக், பேக்கரியில் மாவு பிசைகிறவர், பஸ் டிரைவர். மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடாது. இது சிரிப்புக்காக நான் சேர்த்ததில்லை, நிஜமாகவே ஓடாது.

பண்டிகை வந்தது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை எவன் லீவு கொடுப்பான்? வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். ஊரில் எல்லாரும் பலகாரம் தின்று ஓய்ந்த பிறகுதான் இங்கே அடுப்பு பற்றும்.

பேக்கரிக்காரரை மற்ற இருவரும் அண்ணன் என்பார்கள். ஆறு வருடமாகப் பண்டிகைச் சமையல் அவருடையது. எண்ணெய்ப் புகைக்கு அலாரம் அலறாமலிருக்க அதன் மேல் பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போடுவது மெக்கானிக்கின் வேலை. இந்த முறை அண்ணன் தள்ளுபடியில் ஒரே நிறம், ஒரே அளவில் மூன்று சட்டை வாங்கி வந்திருந்தார்.

“கண்ணாடியில பாருங்க, கல்யாண பேண்டு கோஷ்டி மாதிரியே இருக்கோம்,” என்றார் டிரைவர். அவருக்குக் கை விரல்வரை மூடியிருந்தது.

மெக்கானிக் சிரிக்கவில்லை. பழைய சட்டையிலிருந்த ஒரு கடிதத்தை யாரும் பார்க்காமல் புதுச் சட்டைப் பைக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.

3

கடிதம் என்னவென்று ஒளிக்கப் போவதில்லை. குடும்பத்தை இங்கே அழைத்துக்கொள்ள அவனும் அண்ணனும் ஒரே நாளில் விண்ணப்பித்தார்கள். இரண்டு பாரத்தையும் நிரப்பியவன் மெக்கானிக். “உன் கையெழுத்துதான் ராசி,” என்று சொல்லிப் பேனாவை அவனிடம் தள்ளியவர் அண்ணன்.

அண்ணனுக்கு மறுப்பு வந்து பத்து நாள் ஆகிறது. அது மூன்றாவது மறுப்பு. மெக்கானிக்குக்கு அனுமதி வந்து நாலு நாள். பண்டிகை முடியட்டும் என்று வாயைக் கட்டியிருந்தான்.

[அவனை நல்லவனாக்கப் பார்த்தேன்: ‘அண்ணனை நினைத்து அவன் கண்கள் கலங்...’ பொய். கடிதம் வந்த அன்று குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு சத்தம் வராமல் குதித்தான். அதற்குப் பிறகுதான் அண்ணன் ஞாபகம் வந்தது. அந்தப் ‘பிறகுதான்’ நாலு நாளாக அவனை அரிக்கிறது. எனக்கு அவனைப் பிடித்துப்போனதும் அதனால்தான்.]

4

இஸ்திரி மேசைதான் சாப்பாட்டு மேசை. அண்ணன் இரண்டாம் தடவை இனிப்பு வைத்தார்.

“போதும்ண்ணே.”

“வருஷத்துக்கு ஒரு நாள்தானே, தின்னுடா. பாகு கொஞ்சம் முத்திப் போச்சு, இல்ல?”

அவர் முகம் வாடியதைப் பார்த்த அவசரத்தில் மெக்கானிக் சொன்னான்: “நல்லாதான் இருக்கு. நீங்க ஒருத்தரே எதுக்குக் கஷ்டப்படணும்? அடுத்த வருஷம் நாங்க பண்ணிக் கொண்டு வரோம்.”

டிரைவர் மெல்லுவதை நிறுத்தினார்.

‘நாம’ என்றிருந்தால் அதில் மூன்று பேரும் இருந்திருப்பார்கள். ‘நான்’ என்றிருந்தால் அவன் மட்டும். ‘நாங்க’ என்றதும், அந்த அறையில் இல்லாத ஒருத்தி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் அவளைப் பார்த்துவிட்டார்.

“லெட்டர் எப்ப வந்துச்சு?”

“புதன்கிழமைண்ணே.”

“பாப்பாவுக்கும் சேர்த்தா?”

“ஆமாண்ணே.”

5

முடிவு ஒன்று: அண்ணன் அவனைக் கட்டிப்பிடித்து... [ஆறு வருடம் தனியாகப் படுத்து எழுந்தவர். இவ்வளவு சீக்கிரம் பெருந்தன்மையை அவர் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை.]

முடிவு இரண்டு: “என் பாரத்துல என்னடா தப்பா எழுதின?” [மெக்கானிக் பத்து நாளாகப் பயந்துகொண்டிருக்கும் கேள்வி. எழுதிப் பார்த்தேன். எனக்கே தாங்கவில்லை.]

முடிவு மூன்று: அலாரம் அலற, எல்லாரும் எழுந்து ஓட... [பையை மாட்டியாகிவிட்டது. எனக்குத் தப்பிக்க வழியில்லை.]

நடந்தது இது. அண்ணன் கை கழுவிவிட்டு வந்தார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு புதுப் பாரத்தை எடுத்தார். தட்டுகளை ஒதுக்கி அதை மேசையில் விரித்தார்.

“நாலாவது தடவை. நீ தனி வீடு பாத்துப் போறதுக்குள்ள எழுதிக் குடுத்துடு. உன் கையெழுத்துதான் ராசி.”

இதில் அன்பு எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று மெக்கானிக்குக்குத் தெரியவில்லை. பேனாவை எடுத்தான். பெயர், பிறந்த தேதி, வேலை. அவருடையதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஏழாவது கட்டத்தில் கை நின்றது.

“ரூம்ல எத்தனை பேர்னு கேக்கறாங்க. என்ன போடட்டும்?”

அண்ணன் அவனைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

என்ன சொன்னார் என்பதை நான் எழுதப் போவதில்லை. ‘நாங்க ரெண்டு பேர்’ என்பதுதான் சரியான பதில். பாரம் போய்ச் சேரும்போது மெக்கானிக் இந்த அறையில் இருக்க மாட்டான், அதனால் அதில் அவன் இல்லை. ‘நாம மூணு பேர்’ என்று போட்டால் அது பொய்த் தகவல், பாரம் திரும்பி வந்துவிடும்.

கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. பேனாவைப் பிடியுங்கள்.