பன்னிரண்டாவது காகிதம்

காலை ரயிலில் ஸ்டானிஸ்லாஸுக்கு மார்பு ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. "ரெண்டு மாசமா மூடிக் கெடக்குற மூணாம் பாய்லரை இன்னிக்கு நான்தான் பத்த வைக்கப் போறேன், ரெண்டு மணிக்கு" என்று மனைவி ஹில்டாவிடம் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை சொல்லிக்கொண்டே வந்தான்.

அதே தொழிற்சாலையின் ஆவண அறையில் குமாஸ்தாவாக இருந்தாள் ஹில்டா. போய் உட்கார்ந்ததும் பம்பாய்த் தலைமை அலுவலகத்திலிருந்து டெலிபிரிண்டர் தட்டியது: மூன்றாம் பாய்லர் கோப்பை அழித்துவிடு. உள்ளே இருந்ததையெல்லாம் எரித்து, காகிதங்களின் எண்களை வரிசையாக அனுப்பினாள். பதில் வந்தது: "பதினொன்றுதான் வந்திருக்கிறது. பன்னிரண்டாவது எங்கே? அது வரும்வரை கோப்பு அழிந்ததாகாது."

போன மாதம் ஒரே ஒரு கடிதம் தொலைந்ததற்காக டைப்பிஸ்ட் தேவகிருபையை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர்கள் இவர்கள். அலமாரி, மேசை, குப்பைக்கூடை எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தாள். மானேஜர் மனோகரன் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பியூன் அலி அக்பர்தான் சொன்னார்: "உப்புக் காத்துல கோந்து எங்க காயுதும்மா? பக்கத்து ஃபைலு முதுகுல ஒட்டிகினு கீதான்னு பாரு."

ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. போன உயிர் திரும்பியது. எண் சரியா என்று பார்க்கப் போனவள் கண்ணில் அதிலிருந்த சோதனைக் குறிப்பும் பட்டது: "பாதுகாப்பு வால்வு இறுகிவிட்டது. மாற்றாமல் பற்ற வைத்தால் பாய்லர் வெடிக்கும்." கீழே மனோகரனின் கையெழுத்து: "பார்த்தேன். மாற்ற நேரமில்லை."

கடிகாரத்தில் மணி மூன்று.

"கிடைச்சுதா?" வாசலில் மனோகரன் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இல்ல சார்." காகிதம் முந்தானைக்குள் இருந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "வெளியில தேடிட்டு வரேன் சார்."

படி இறங்கும்வரை நடந்தாள். அப்புறம் பாய்லர் அறைக்கு ஓடினாள். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வாயில் வேறொன்றும் வரவில்லை.

"இன்னாம்மே, இங்க இன்னா வேலை?" என்று சிரித்த ஸ்டானிஸ்லாஸ் அவள் நீட்டிய காகிதத்தைப் படித்தான். சிரிப்பு செத்தது. பாய்ந்துபோய் பாய்லர் அடுப்புக்குப் போகும் எண்ணெய்க் குழாயைத் திருகி மூடினான். அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டில் நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முள் மெல்ல இறங்கத் தொடங்கியபோதுதான் ஹில்டாவுக்கு அழுகை வந்தது.

"பம்பாய்க்கு இன்னா பதில் சொல்லப்போறே?" என்று கேட்டான் அவன்.

அவள் காகிதத்தை அவன் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்தாள்.

"அழிக்க முடியலன்னு சொல்றேன்" என்றாள்.