கறுத்த தோல்

"நோ, மெர்சி, வேண்டாம், ஜெனெவியேவ்" என்றாள் தனலட்சுமி, கதவைப் பாதி மட்டும் திறந்து.

வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரியின் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். தோலெங்கும் கரும்புள்ளி விழுந்து, தொட்டால் குழையும் பதத்தில் தேனாய் மணத்தது. புயல் ஓய்ந்து மூன்றே நாளான வக்குவா என்ற அந்தத் தீவு ஊரில் காசை அள்ளி வீசினாலும் அப்படியொரு சீப்பு கிடைக்காது.

"எச்சரிக்கைக் கொடி ஏறின அன்னிக்கே தாரை வெட்டி அடுப்புக்கு மேல தொங்கவிட்டேன், தானா. புள்ளைக்கு ஆகும்னுதான்."

அந்த அடுப்புக்கு மேல்தான் ஜெனெவியேவ் கருவாட்டையும் உப்பிட்ட இறைச்சியையும் தொங்கவிடுவது. அன்றோ காவடி விரதத்தின் ஐந்தாம் நாள்.

"கரேம் விரதம் இருக்கேன். அந்தப் புகை பட்டது எப்படி வீட்டுக்குள்ள வரும்? தப்பா நெனைச்சுக்காத."

"தோலோடயா திங்கப்போறா?" என்று ஜெனெவியேவ் சிரித்தாள். தனலட்சுமி கதவை விட்டு நகரவில்லை. "சரி, உன் சாமி, உன் இஷ்டம். பழம் எங்கேயும் போகாது."

கதவு சாத்தப்பட்டது. யாருக்காக அந்த விரதம்? உள்ளே பாயில் சுருண்டு கிடந்த ஆறு வயது மகள் சிவகாமிக்காக. பத்து நாள் சுத்தம் காத்துப் பால்குடம் எடுக்கிறேன், என் பிள்ளையின் வயிற்றைக் காப்பாற்று என்று முருகனிடம் நேர்ந்துகொண்டவள் தனலட்சுமி.

அந்த வயிறு ஊதி, கைகால்கள் குச்சியாகி, குழந்தை கரைந்துகொண்டிருந்தபோது டாக்டர் தீர்த்துச் சொல்லியிருந்தார்: சோறு கூடாது, ரொட்டி கூடாது, மரவள்ளி, உருளைக்கிழங்கு எதுவும் கூடாது. "அப்போ பலம் எங்கேருந்து வரும்?" என்று அவள் கேட்டதற்கு, பழத்தின் இனிப்பிலிருந்தும் தேனிலிருந்தும் என்றார். நாளைக்கு எட்டு வாழைப்பழம், தோல் கறுத்ததாக. மஞ்சள் போதாது. காயில் இருப்பது மாவு. குழந்தையின் குடலுக்கு அது சோற்றைப் போலவே நஞ்சு. அன்று முதல் தனலட்சுமி அடுக்களைக் கதவின் பின்னே நின்றபடி, குழம்பு மணம் மகளை எட்டாமல், திருடியைப் போலச் சோறு தின்றாள். தின்ற கையைச் சாம்பல் போட்டுக் கழுவினாள். ஐந்து மாதத்தில் மகளின் எடை ஆறு ராத்தல் கூடியது.

பிறகு புயல் வந்தது. கொல்லை வாழைகள் அத்தனையும் சாய்ந்து, பச்சைக் காய்கள் சேற்றில் புரண்டன. சாக்கில் கட்டி வைத்தவை இன்னும் கல்லாகவே இருந்தன. தேன் தீர்ந்தது, காரட் தீர்ந்தது. ஜெனெவியேவ் போன சிறிது நேரத்தில் சிவகாமி எழுந்து நிற்க முயன்று, முடியாமல் உட்கார்ந்தாள்.

"மம்மா, பசிக்குது."

தனலட்சுமி நான்கு காய்களை உரித்தாள். டாக்டர் சொன்னது நினைவில் இல்லாமலா உரித்தாள்? ஒவ்வொரு காய்க்கும் அந்தச் சொல் காதில் விழுந்தது. ஒரே மரத்தில் காய்த்ததுதானே, வெந்தால் பழம் போலத்தானே என்று தனக்குத் தானே வாதாடிக்கொண்டே வேகவைத்தாள். மசித்தாள். சர்க்கரை தூவினாள். குழந்தை இரண்டு கிண்ணம் தின்றுவிட்டுச் சிரித்தது. பல நாளுக்குப் பின் வந்த அந்தச் சிரிப்பைக் கண்டு அவளும் சிரித்தாள்.

விடிந்ததும் வயிறு போகத் தொடங்கியது. இரண்டு நாள் நிற்கவே இல்லை.

எட்டாம் நாள் கிளினிக்கில், அரசியாரின் படத்துக்குக் கீழே, நர்ஸ் குழந்தையை எடை போட்டாள். மூன்று ராத்தல் இறங்கியிருந்தது. என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். அரசாங்க ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் கணவன் மருதை முந்திக்கொண்டான்: "வாழைப்பழம் தவிர ஒண்ணும் இல்லை, தொக்தேர். என் பெண்சாதி விரதம் வேற இருக்கா, அவ்வளவு கவனம். புயல் தண்ணிதான் ஒத்துக்கலை."

டாக்டர் தனலட்சுமியைப் பார்த்தார். வாயைத் திறந்தாள். தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள் என்று அவர் எழுதத் தொடங்கிவிட்டார். திறந்த வாய் மூடிக்கொண்டது. "பழுத்த பழம் எங்கே கிடைத்தாலும் வாங்குங்கள். இன்னும் இறங்கினால் தாங்கமாட்டாள்" என்றார் டாக்டர்.

மருதை ஆபீசுக்குப் போனான். இடுப்பில் மகளோடு அவள் தெருவில் நடந்தாள். தோளில் சாய்ந்திருந்த சிவகாமி காதோடு சொன்னாள்:

"மம்மா, அன்னிக்கு மசிச்சுக் குடுத்தியே, அது நல்லா இருந்துச்சு. இன்னிக்கும் செய்றியா?"

தனலட்சுமி தன் வீட்டைத் தாண்டிப் போனாள். பக்கத்து வீட்டுப் பின்வாசலில் நின்றாள். உள்ளே எண்ணெயில் கருவாடு பொரிந்துகொண்டிருந்தது. ஜெனெவியேவ் திரும்பிப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, புகையேறிய தாரிலிருந்து கடைசிச் சீப்பை அறுத்து, "உட்காரு, தானா" என்று மட்டும் சொன்னாள்.

படியில் உட்கார்ந்து தனலட்சுமி ஒரு பழத்தை உரித்தாள். விரல்களில் மீன் மணம் ஒட்டியது. குழந்தை ஒரு கடி கடித்தது, இரண்டாவது கடி கடித்தது. கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டது. சிவகாமி மெல்வதை நிறுத்தி, எச்சில்பட்ட பாதிப் பழத்தைத் தாயின் உதட்டருகே நீட்டினாள்.

"நீயும் தின்னு, மம்மா. உனக்கும் பசிக்கும்ல?"

பழம் அங்கேயே நின்றது. விரதம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது; தனலட்சுமி வாயைத் திறந்தாள்.