மச்சினன் பிடித்த கயிறு

திரேஸ்புரம் மரியசெல்வி வாங்கிய புரொஜெக்டரில் பிலிம் போடாமலேயே படம் ஓடியது. கடைசி முத்துக்குளிப்பில் செத்துப்போன அவள் புருஷன் கஸ்பார் அந்தப் படத்தில் உயிரோடு இருந்தான்.

புதுத் துறைமுகம் திறந்த வருஷம் அது. கப்பல்காரன் ஒருவன் கழித்துப்போட்ட சாமான். கையால் சுற்றுகிற சின்னப் பெட்டி. ஒரு நல்ல சேலை விலைகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை தெருப்பிள்ளைகளுக்குப் படம் காட்டினால் கருவாட்டு வருமானத்தோடு கொஞ்சம் சேருமே என்றுதான் வாங்கினாள். பல்பு எரிகிறதா என்று பார்க்கக் கைப்பிடியைச் சுற்றினாள். சுண்ணாம்புச் சுவரில் மேலே வள்ளம், கீழே கடலடி. இடுப்பில் கயிறு கட்டிய கஸ்பார் சிப்பி பொறுக்கி முடித்து, தூக்கச் சொல்லிக் கயிற்றைச் சுண்டினான். வள்ளத்தில் கயிறு பிடிக்க வேண்டிய அவள் தம்பி பவுல், அதை விட்டுவிட்டு, காற்றுக்கு இரண்டு கையையும் குவித்துப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். கஸ்பார் மறுபடி சுண்டினான். பவுல் நிதானமாகப் புகையை விட்டான்.

முத்துக்குளிக்கிறவன் கயிற்றை அவன் மச்சினன்தான் பிடிப்பான். கூடப்பிறந்தவளை எவனும் விதவையாக்க மாட்டான் என்ற நம்பிக்கை. அதனால், ‘கயிறு அறுந்துபோச்சு’ என்று பவுல் அன்று கரையில் விழுந்து அழுதபோது, எங்கே அந்தக் கயிற்றைக் காட்டு என்று ஒரு ஆள் கேட்கவில்லை. மரியசெல்வியே அவனைத் தேற்றினாள். அதற்குப் பிறகு இத்தனை வருஷமும் அவனுக்கு மீன்குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பினாள். அந்தக் குழம்பை நினைத்துத்தான் அவளுக்கு முதலில் வயிறு எரிந்தது.

தெருவைக் கூட்டிவைத்துப் பவுலை வரவழைத்தாள். படத்தைப் பார்த்ததும் அவன் பெட்டியைக் கைகாட்டினான்.

“பிலிம்காரன் சோடிச்சிருக்கான்க்கா.”

“பிலிமே இல்லையேலே!” என்று பெட்டியைத் திறந்து காட்டினாள்.

அப்போது சுவரிலிருந்து கயிற்றின் நுனி சொட்டச்சொட்டத் தரையில் வந்து விழுந்தது.

“பிடிலே. இழு.”

இழுத்தான். கஸ்பார் கொஞ்சம் மேலே வந்தான். அன்றுமுதல் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பவுல் வந்து இழுத்துவிட்டுப் போனான். ஒருதரம் நாசரேத்துக்கு ஓடிப்பார்த்தான். பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் கயிற்று நுனி ஈரமாகக் கிடந்ததால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டான்.

மரியசெல்வி அந்த மலிவுச் சாமானைப் பார்த்துக்கொண்ட மாதிரி மாதா சுரூபத்தைக்கூட யாரும் பார்த்துக்கொண்டதில்லை. உப்புக்காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். கஸ்பாரின் பழைய வேட்டித்துணியால் துடைத்தாள். பல்சக்கரத்துக்குத் தையல் மிஷின் எண்ணெய். பகலெல்லாம் பெட்டி அரிசிப் பானைக்குள் இருந்தது, ஈரம் ஏறாமல். பல்பு போனபோது ரேடியோக் கடை எஸ்றா வந்து லாரி முகப்பு விளக்கு பல்பைப் பொருத்திக்கொடுத்தான். சுவரைப் பார்த்தவன், “வெளிச்சம் காணுமாக்கா?” என்று மட்டும் கேட்டான்.

ஐப்பசி மழையில் கஸ்பாரின் தலைமயிர் நீர்மட்டத்தைத் தொட்டது. “அத்தான் வந்துட்டாங்கக்கா!” என்று பவுல் தோலுரிந்த கையோடு சிரித்தான். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. இவ்வளவுதானா, இதோடு தீர்ந்ததா இவன் கணக்கு? கைப்பிடியைப் பின்னோக்கிச் சுற்றினாள். கஸ்பார் கால்முன்னாக இறங்கிக் கடலடிக்கே போய்ச் சேர்ந்தான்.

“மறுபடி இழுலே.”

வருஷங்கள் இப்படிப் போயின. பவுல் ஏற்றுவான், இவள் இறக்குவாள். பக்கத்து வீட்டு ஞானபாக்கியம் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள். “ஏளா, ஒனக்குப் புருசன் வேணுமா, பழி வேணுமா?”

“ரெண்டும் வேணும். அவரு எங்கன போயிரப் போறாரு?”

ஒரு சாயங்காலம், மேலே வர ஒரு முழம் இருக்கும்போது, அவள் கை பின்பக்கம் திரும்பியது. எப்போதும் வள்ளத்தையே அண்ணாந்து பார்க்கிற கஸ்பார் அன்று அவளைப் பார்த்தான். கோபமில்லை; களைத்துப்போன முகம். இடுப்பு முடிச்சை நிதானமாக அவிழ்த்தான். தானாகவே கீழே இறங்கி, சிப்பிக்கூடையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து, சுவரின் ஓரத்தைத் தாண்டிப் போனான்.

அவள் முன்னே சுற்றினாள், பின்னே சுற்றினாள். தண்ணீர் மட்டும் தெரிந்தது. “இழுலே, இழு!” என்று அலறினாள். பவுல் இழுத்தான். வெறுங்கயிறு வந்தது.

இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அவளும் லென்ஸைத் துடைக்கிறாள், எண்ணெய் விடுகிறாள், சுற்றுகிறாள். அவனும் வந்து இழுக்கிறான். திரேஸ்புரத்தில் வள்ளம் கட்ட, துணி காயப்போட, ஆடு கட்ட எல்லாவற்றுக்கும் அந்தக் கயிறுதான். ஒருநாள் வெயிலில் காயப்போட்டால் போதும். மரியசெல்வி மட்டும் தன் வீட்டுக் கொடிக்குக் கடையில்தான் கயிறு வாங்குகிறாள்.